திட்டியவர்கள் பக்கம்

"நான் யாரைக் காப்பாத்தினேன், மேடம்?"

டாக்டர் சுடலைமுத்து இப்படிக் கேட்டுவிட்டு, நான்காக மடித்த கடிதம் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

டாக்டர் ஜெசிந்தா கடிதத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒரு டம்ளர் தண்ணீரை மூக்கருகே வைத்து மோந்துகொண்டிருந்தார்.

இந்த இருவரையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

ஜெசிந்தாதான் ஆசிரியை. வெள்ளாங்குளத்தில் மருத்துவக் கல்லூரி நடத்தும் சுகாதாரப் பயிற்சி நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது. வயது முப்பத்தெட்டு. சுடலைமுத்து மாணவர். வயது நாற்பத்தாறு. வந்த நோயைத் தீர்ப்பதல்ல, நோயை வரவிடாமல் செய்வது எப்படி என்று கற்றுத்தரும் மேற்படிப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. குரு சின்னவர், சீடர் பெரியவர். உலகத்தில் எல்லாமே வரிசைப்படியா நடக்கிறது?

"பதினேழு வருஷம் அவசரப் பிரிவுல வேலை பார்த்தவன் நான்" என்றார் சுடலைமுத்து. "பாம்புக் கடி, மருந்து குடிச்சது, லாரி மோதினது. உயிர் போற நேரத்துல தூக்கிட்டு வருவாங்க. மறுநாள் அதே ஆள் எந்திரிச்சு உக்காந்து காப்பி கேப்பான். வீட்டுக்குப் போறப்ப கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. பனங்கிழங்கு கட்டுக்கட்டா வரும். இன்னைக்கும் பஸ் ஸ்டாண்டுல யாராவது ஓடிவந்து கும்பிடுவாங்க."

"இங்க?"

"இங்க கொசுப்புழு எண்ணினேன். கழிப்பறை எண்ணினேன். தொட்டி கழுவுறதை வெயில்ல நின்னு பார்த்தேன். ஒருத்தர் ஒரு நன்றி சொல்லலை. நான் காப்பாத்தினதா ஒரு பேரு, ஒரே ஒரு பேரு சொல்லுங்க பார்ப்போம்."

ஜெசிந்தா டம்ளரை இன்னொரு தடவை மோந்து பார்த்தார்.

"முடியாதுல்லா? அதான் எழுதிட்டேன். படிப்பை விட்டுட்டு என் பழைய வார்டுக்கே போறேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க."

ஜெசிந்தா தண்ணீரைக் குடித்தார். காலி டம்ளரைக் கடிதத்தின்மேல் வைத்தார், மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல்.

"போடுறேன்" என்றார். "அதுக்கு முன்னால ஒரு வேலை."

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் இப்படித்தான். கேள்வி கேட்டால் வேலை கொடுப்பார்கள்.

"செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழா. ஊருக்குள்ள மூவாயிரம் விருந்தாளியாவது வருவாங்க. பக்கத்து ஊர்ல போன மாசம் வாந்திபேதியில ரெண்டு பேர் செத்துப்போனாங்க. மறந்துடலையே?"

"எப்படி மறப்பேன்? மூணு வாரமா நான்தானே நின்னு தண்ணித் தொட்டியில பிளீச்சிங் பவுடர் போடச் சொல்றேன்."

"சரி. இன்னைக்கு சனிக்கிழமை. ஊர் முழுக்க நடங்க. தண்ணி எப்படி இருக்குன்னு ஒவ்வொரு வீட்டுலயும் கேளுங்க." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். "இடப்பக்கம் திட்டினவங்க பேரு. வலப்பக்கம் வாழ்த்தினவங்க பேரு."

"வலப்பக்கம் எதுக்கு மேடம்? தாளுக்குக் கேடு."

"பேரு வேணும்னு கேட்டது நீங்கதான், டாக்டர்."

சுடலைமுத்து நோட்டை வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனபின் ஜெசிந்தா கூப்பிட்டார்.

"குளோரோஸ்கோப் பெட்டியை எடுத்துக்குங்க. சந்தேகம் வந்த இடத்துல பாருங்க."

அது கையடக்கப் பெட்டி. கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட வேண்டும். தண்ணீர் மஞ்சளானால் கிருமிகொல்லி அதில் இருக்கிறது. மஞ்சளாகாவிட்டால் இல்லை. இதற்கு மேல் அதில் வித்தை ஒன்றும் கிடையாது.

பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடைசி நாள் என்ற தைரியத்தில் சுடலைமுத்து கைவீசி நடந்தார்.



முதலில் பேருந்து நிறுத்தத்தில் பால்துரையின் டீக்கடை.

"தண்ணி எப்படி இருக்கு அண்ணாச்சி?"

பால்துரை டீ ஆற்றுவதை நிறுத்தினார். இந்தக் கேள்விக்காகவே மூன்று வாரமாகக் காத்திருந்தவர் போல இருந்தது அவர் முகம்.

"நீங்கதானா அந்த ஆளு? இருபத்திரண்டு வருஷமா கட்டின பேரு சார் இது. ஏலக்காய் போட்டாலும் அந்த மருந்து வாடை போக மாட்டேங்குது, இஞ்சி போட்டாலும் போக மாட்டேங்குது. ஒரு ஆளு ஒரு மடக்கு குடிச்சிட்டு, 'டீ கேட்டா டிஞ்சர் குடுக்கீரே'ன்னுட்டுப் போறான். என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு நீங்க என்ன நோட்டுல எழுதுதிய?"

"உங்க பேரை எழுதுதேன்."

"எழுதும், நல்லா எழுதும்!"

சந்தேகமாக இருந்தது. ஒருவேளை மருந்து கூடிவிட்டதோ? சுடலைமுத்து பெட்டியை எடுத்துச் சோதித்தார். இளமஞ்சள். சரியான அளவுதான்.

அடுத்தது தேரடித் தெரு. குழாயடியில் நான்கு பெண்கள்.

"ஆஸ்பத்திரியைக் குடத்துல கொண்டாந்து ஊத்துதியளே, இது நியாயமா?"

"சோறு பூரா வாடை சார். எங்க வீட்டுக்காரவுக தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிட்டாவ."

"எனக்கு முடி கொட்டுது."

"உனக்குப் போன வருஷமே கொட்டிச்சுல்லா?"

"இப்ப கூடக் கொட்டுதுட்டீ!"

நான்கு பேர்களையும் எழுதினார். சோதித்தார். மஞ்சள்.

மேலத்தெருவிலும் அதே கதைதான். பள்ளிக்கூடத் தெருவில் ஒரு தாசில்தார் அலுவலக ஊழியர் சட்டம் பேசினார். ஒரு வீட்டில் கதவைத் திறக்காமல் சன்னல் வழியாகவே திட்டினார்கள். ஒருவர் தான் சொல்வதை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும் என்று நின்று வாசித்துக்காட்டச் சொன்னார். போகிற இடமெல்லாம் சுடலைமுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்; போகிற இடமெல்லாம் சந்தேகப்பட்டுச் சோதித்தார்; போகிற இடமெல்லாம் மஞ்சள்.

மத்தியானம் நெருங்கும்போது இடப்பக்கத்தில் நாற்பத்தேழு பேர். வலப்பக்கத்தில் ஈ கூட உட்காரவில்லை.

அவருக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கடிதம் எழுதியது சரிதான் என்ற திருப்தி.



ஊரின் கடைசியில் புதுமனைத் தெரு. மனை போட்டு ஐந்து வருடம்தான் ஆகிறது. பதிமூன்று வீடுகள். தெரு முனையில் கொடைக்காக ஓர் அலங்கார வளைவு நின்றது. இரு பக்கமும் இரும்புக் கம்பம், மேலே அம்மன் படம், சுற்றிலும் சின்னச் சின்ன விளக்கு.

முதல் வீடு பேச்சியம்மாளுடையது. ஐம்பது வயது இருக்கும். வாசலில் நின்று பந்தல்காரனை அதட்டிக்கொண்டிருந்தார்.

சுடலைமுத்து தள்ளியே நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணி எப்படிம்மா இருக்கு?"

"யாரு, தண்ணி டாக்டரா? உள்ள வாங்க! எதுக்கு வெயில்ல நிக்கிய? ஏ, அந்த நாற்காலியை எடுத்துப் போடுங்க!"

சுடலைமுத்து பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரையும் சொல்லவில்லை. அவரைத்தான்.

"நாலஞ்சு நாளா தண்ணி தேனால்லா இருக்கு!" என்றார் பேச்சியம்மாள். "முன்ன ஒரு வாடை வந்துச்சு பாருங்க, குமட்டிக்கிட்டு. இப்ப மருந்துக்குக்கூட இல்லை. அம்மன் கண்ணைத் திறந்துட்டா. நீங்களும் நல்லா இருக்கணும்."

ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வந்தது.

ஜெசிந்தாவாக இருந்தால் மோந்து பார்த்திருப்பார். எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் அவருக்கு அதே பழக்கம். சுடலைமுத்துவுக்கு அது பிடிப்பதே இல்லை. கொடுத்த தண்ணீரை மோந்து பார்ப்பது கொடுத்தவரையே மோந்து பார்ப்பது போல. அவர் மானமுள்ள மனிதர். அண்ணாந்து மடமடவென்று குடித்தார். தேன்தான். இன்னொரு சொம்பும் வாங்கிக் குடித்தார்.

"கொடைக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருக்காவ" என்றார் பேச்சியம்மாள். "மாப்பிள்ளைக்குத்தான் நேத்துலேர்ந்து வயிறு சரியில்லை. ஆறேழு தடவை போய்ட்டாவ. பிரயாணச் சூடு. கொஞ்சம் பாருங்களேன்."

அடடா, இதற்காகத்தானே ஏழு மாதமாகக் கை துடித்துக்கொண்டிருந்தது!

சுடலைமுத்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். பையிலிருந்து உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் மாத்திரையும் எடுத்துக் கொடுத்தார். எப்படிக் கரைப்பது என்று காட்டிக்கொடுத்தார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. பதினேழு வருடக் கை.

அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "இப்ப தேவலை சார்" என்றார்.

அவ்வளவுதான். தெருவே வந்துவிட்டது. ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு பார்த்தார், ஒருவருக்கு முட்டுவலிக்கு யோசனை சொன்னார். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே வாயாக, "குறையே இல்லை டாக்டர், உங்க புண்ணியம்" என்றார்கள். பேச்சியம்மாள் ஒரு சீப்பு நாட்டுப்பழத்தைப் பையில் திணித்தார்.

"கொடைக்கு நம்ம வீட்டுலதான் சாப்பாடு. சம்பந்தி வீட்டுக்காரவ நாப்பது பேர் வாராவ. நீங்களும் வந்திரணும்."

சுடலைமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வலப்பக்கத்தில் ஒன்பது பேர்களை அழகான எழுத்தில் எழுதினார்.

குளோரோஸ்கோப் பெட்டி பைக்குள் பழத்துக்கு அடியில் கிடந்தது.



"இந்தாங்க மேடம்."

நான்கு மணிக்கு நோட்டை மேசைமேல் போட்டார். பழச் சீப்பையும் பக்கத்தில் வைத்தார். வெற்றிகரமாகத் திரும்பி வந்த தோரணை.

ஜெசிந்தா இடப்பக்கங்களைப் புரட்டினார். நாற்பத்தேழு பேர். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் 'மஞ்சள்' என்று எழுதியிருந்தது.

"நல்லது" என்றார்.

"நல்லதா? பரம்பரையையே இழுத்துத் திட்டினாங்க மேடம். நீங்க வலப்பக்கத்தைப் பாருங்க."

ஜெசிந்தா பார்த்தார். ஒன்பது பேர். ஒரே தெரு. அந்தப் பேர்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"இங்க சோதிச்சீங்களா?"

"இல்லை. சந்தேகம் வந்த இடத்துலதானே பார்க்கச் சொன்னீங்க? அங்க சந்தேகமே வரலை. அவ்வளவு நல்ல ஜனங்க."

"என்ன சொல்லி வாழ்த்தினாங்க?"

"தண்ணி தேனா இருக்குன்னாங்க. உண்மைதான் மேடம், நானே ரெண்டு சொம்பு குடிச்சேன். மத்த தெரு மாதிரி அந்த வாடை இல்லை. நாலஞ்சு நாளா..."

அவர் நிறுத்தினார்.

ஜெசிந்தா நோட்டை மூடினார். பழச் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலஞ்சு நாளா வாடையே இல்லைன்னாங்க" என்றார் சுடலைமுத்து, இந்தத் தடவை மெதுவாக. "அப்புறம் ஒரு மாப்பிள்ளைக்கு... மாத்திரை கொடுத்தேன்..."

"மாப்பிள்ளைக்கு என்ன?"

சுடலைமுத்துவின் முகம் வெளுத்துப்போனது. பதினேழு வருடம் உயிர் போகும் நேரத்தில் பதறாத மனிதர் இப்போது பதறினார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. நாற்பது பேர் சம்பந்தி வீட்டுக்காரர்கள். பதிமூன்று வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் விருந்தாளி.

அவர் பையைத் தோளில் மாட்டினார். பைக்குள் கைவிட்டுப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"நான் வரட்டுமா?" என்றார் ஜெசிந்தா.

"வேண்டாம் மேடம். பஞ்சாயத்துத் தலைவருக்குப் போன் போட்டுத் தண்ணி லாரிக்கு ஏற்பாடு பண்ணுங்க. இன்னைக்கே வரணும்."

ஏழு மாதத்தில் சீடர் குருவுக்கு உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை. குரு தொலைபேசியை எடுத்தார்.



பேச்சியம்மாள் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரில் சொட்டு மருந்து விழுந்தது. கண்ணாடிக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார் சுடலைமுத்து.

பளிங்குத் தண்ணீர். பளிங்காகவே இருந்தது.

"மஞ்சளாகலை" என்றார்.

"நல்ல தண்ணி எதுக்கு மஞ்சளாகணும்?" என்றார் பேச்சியம்மாள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. தண்ணீர் திறந்துவிடும் இசக்கியைக் கூப்பிட்டு, இந்தத் தெருவுக்கான வால்வை மூடச் சொன்னார்.

இசக்கி தலையைச் சொறிந்தார்.

"கொடை நேரத்துல தண்ணியை நிப்பாட்டுனா, கெடாய்க்குப் பதிலா என்னை வெட்டிருவாவ சார்."

"நான் பக்கத்துல நிக்கேன். மூடுங்க."

"உங்களையும் வெட்டிருவாவ."

"சரி, ரெண்டு பேரா போவோம். மூடுங்க."

வால்வு மூடியது. வாய்கள் திறந்தன.

மத்தியானம் வாழ்த்திய அதே வாய்கள். நல்ல நாளும் அதுவுமாகத் தண்ணீரைப் பிடுங்குகிறாரே என்றார்கள். அம்மன் கேட்பாள் என்றார்கள். மாத்திரை கொடுத்துவிட்டு மாலையில் வந்து மண்ணை வாரிப் போடும் டாக்டரை எங்குமே கண்டதில்லை என்றார்கள். சுடலைமுத்து கைகட்டி நின்றார். தண்ணீர் லாரி வந்து சேரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"பிடிச்சு வச்ச தண்ணியைப் பூரா கொட்டிருங்க" என்றார்.

"அண்டா அண்டாவா வச்சிருக்கோம்!"

"அண்டா அண்டாவா கொட்டிருங்க."

கொட்டினார்களா? பாதிப் பேர் கொட்டினார்கள். மீதிப் பேர், இவன் போகட்டும் என்று உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அவர்களையும் கொட்டவைத்தது சுடலைமுத்துவின் வயிறுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயைத் தோண்டிப் பார்க்க நான்கு ஆட்களுடன் அவர் வந்தார். ஒரு கையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாட்டில். வந்த அரை மணி நேரத்தில் மூன்று தடவை பேச்சியம்மாள் வீட்டுக் கொல்லைக்கு ஓடினார். இரண்டு சொம்புத் தேனும் தன் வேலையைக் காட்டிவிட்டது. நான்காவது தடவை அவர் ஓடியபோது தெருவில் யாரும் பேசவில்லை. ஐந்தாவது தடவை, வீட்டுக்கு வீடு அண்டாக்கள் வாசலுக்கு வந்தன.

ஊராருக்கு ஆயிரம் சோதனைக் குழாய் காட்டலாம். ஒரு டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு எதுவும் ஈடாகாது.

பதினோரு மணிக்குக் கண்டுபிடித்தார்கள். அலங்கார வளைவின் இடது கம்பம். போன செவ்வாய்க்கிழமை கோயிலில் கொடைக்குப் பந்தல்கால் நாட்டிய கையோடு, சாக்கடை ஓரமாகக் குழி தோண்டி இந்தக் கம்பத்தையும் இறக்கியிருக்கிறார்கள். இறங்கிய கம்பம் தண்ணீர்க் குழாயின் இணைப்பை ஒரு விரல் அகலத்துக்கு வாய் பிளக்கவைத்திருந்தது. தண்ணீர் வரும்போது அது வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் உள்ளே இழுக்கும். இழுப்பதற்குப் பக்கத்திலேயே சாக்கடை இருந்தது.

இசக்கி குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மருந்து இங்க வரைக்கும் வந்திருக்கு சார்."

"ஆமா."

"இங்க சாக்கடையோட மல்லுக்கட்டித் தீர்ந்து போயிருக்கு."

"ஆமா" என்றார் சுடலைமுத்து. "நாம அதுக்கு வாடை போச்சுன்னு சந்தோஷப்பட்டிருக்கோம்."

சாயங்காலத்துக்குள் கம்பம் நாலடி தள்ளிப் போனது. இணைப்பு புதிதாக மாறியது. தெருக் குழாய் முழுவதையும் இரண்டு தடவை மருந்து விட்டு அலசினார்கள். திங்கட்கிழமை காலையில் பதிமூன்று வீட்டிலும் பதிமூன்று சோதனை. பதிமூன்றும் மஞ்சள்.

கொடை வந்தது. மேளம் வந்தது, வில்லுப்பாட்டு வந்தது, மூவாயிரத்துக்கும் மேலே ஆட்கள் வந்தார்கள். தின்றார்கள், குடித்தார்கள், ஆடினார்கள், பேருந்து ஏறிப் போனார்கள்.

வேறொன்றும் நடக்கவில்லை.



வியாழக்கிழமை காலை பயிற்சி நிலையத்தில் ஜெசிந்தா தண்ணீரை மோந்துகொண்டிருந்தார். பக்கத்து மேசையில் சுடலைமுத்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நேற்றெல்லாம் மருந்து வாடைக்காக அவருக்குத் தெருத்தெருவாகத் திட்டு.

"கொடை முடிஞ்சது, டாக்டர்" என்றார் ஜெசிந்தா. "உங்க கடிதம் இங்கயே இருக்கு. கையெழுத்து போட்டுடவா?"

சுடலைமுத்து வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"எங்க அந்த டாக்டரு?"

பேச்சியம்மாள். கையில் ஒரு தூக்குச் சட்டி. அதைச் சுடலைமுத்துவின் முன்னால் டங்கென்று வைத்து மூடியைத் திறந்தார்.

"மோந்து பாரும்!"

பாயசம்.

"நாப்பது பேரு சம்பந்தி வீட்டு ஆளுவ. முந்திரிப்பருப்பு, நெய்யி, குங்குமப்பூ! ஒரு வாய் வச்சிட்டு எங்க சம்பந்தியம்மா கேக்கா, 'உங்க ஊர்ல பாயசத்தை ஆஸ்பத்திரியிலயா காய்ச்சுதிய?'ன்னு. நான் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க? என் மானத்தை வாங்கிட்டீருல்லா!"

"மன்னிச்சிருங்கம்மா."

"மன்னிப்பு யாருக்கு வேணும்? அன்னைக்கு என் வீட்டுல உக்காந்து ரெண்டு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சீரு. பழம் வாங்கிட்டுப் போனீரு. அந்தப் பழத்தைத் திருப்பிக் கொடும்!"

"பழம் தீர்ந்துபோச்சும்மா."

"தீராம என்ன செய்யும்!"

"மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"அவனுக்கென்ன கேடு? கொடை பூரா முதப் பந்தியில உக்காந்து கறிச்சோறு தின்னுட்டு, ஏப்பம் விட்டுட்டுப் போறான்."

"சம்பந்தி வீட்டுல மத்தவங்க? யாருக்காவது வயிறு..."

"வயித்துக்கு என்ன? பாயசம் மட்டும் வேண்டாம்னாவளே தவிர, மிச்சமெல்லாம் ரெண்டு ரெண்டு தடவை வாங்கித் தின்னாவ. எல்லாம் கல்லுக் குண்டாட்டம் போயிருக்காவ. பேச்சை மாத்தாதேயும்!"

சுடலைமுத்து பேச்சை மாற்றவில்லை. பேனாவைத் திறந்தார். நோட்டின் வலப்பக்கத்தில் ஒன்பது பேர்களுக்குத் தலைமையாக இருந்த பேச்சியம்மாளின் பேரை அடித்தார். மற்ற எட்டும் நேற்றே அடிபட்டிருந்தன. இடப்பக்கத்தைத் திருப்பினார். இடம் இல்லை. அடுத்த இடப்பக்கம். அங்கும் இல்லை.

கையை நீட்டி, ஜெசிந்தாவின் மேசையில் டம்ளருக்கு அடியில் இருந்த தாளை உருவினார். மடிப்பைப் பிரித்துப் பின்பக்கம் திருப்பினார். அதில் எழுதினார்: பேச்சியம்மாள், புதுமனைத் தெரு. மஞ்சள்.

"என்ன எழுதுதீரு?"

"நீங்க திட்டினதை எழுதுதேம்மா."

"எழுதும், பெரிசா எழுதும்!" தூக்குச் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு பேச்சியம்மாள் போனார். தெரு திரும்பும்வரை குரல் கேட்டது. நல்ல கணீரென்ற குரல்.

ஜெசிந்தா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது உங்க கடிதம், டாக்டர்."

"தெரியும் மேடம். நோட்டுல இடப்பக்கமெல்லாம் தீர்ந்துபோச்சு."

"வலப்பக்கம் பூரா காலியாத்தானே கிடக்கு?"

சுடலைமுத்துவுக்கு அது காதில் விழவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு தடவை எண்ணினார். நோட்டைப் பார்த்து மறுபடியும் எண்ணினார். பிறகு எழுந்து பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"புதுமனைத் தெருவுக்குத்தான் மேடம். பதிமூணு வீட்டுல பதினொண்ணுதான் ஆயிருக்கு." ஒரு செருப்பு கிடைத்தது. இன்னொன்றும் கிடைத்தது. "ரெண்டு வீட்டுல இன்னும் யாருமே திட்டலை."